கடிகாரத்துக்குப் பக்கத்தில்

கங்கா கணினித் திரையின் அடியிலிருந்த சின்னப் படங்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாள். எது எதுவோ திறந்தது. குறிப்பு எழுதும் பக்கம் மட்டும் வரவில்லை. வாசலில் லோரி உறுமிக்கொண்டிருந்தது.

"ஏம்மா, குவாலா சிலாங்கூர்ல எங்க எறக்கணும்னு சொன்னா நான் போயிருவேன்லா," என்றார் டிரைவர் நல்லசாமி, சன்னலில் முழங்கையை ஊன்றி.

"கொஞ்சம் இருங்கண்ணே."

நேற்று மாலை, கையுறை வாங்கும் மீன் ஆலைக்காரர் போனில் இறக்கும் இடத்தை மாற்றிச் சொன்னார். எழுதிக்கொண்டாள். இன்று அவர் போனை எடுக்கவில்லை.

முன்பெல்லாம் உள்ளங்கையில்தான் எழுதுவாள். பத்தாங் காலியிலிருந்து ரவாங் வந்து, இந்தக் கையுறைத் தொழிற்சாலையில் பெட்டி கட்டிய காலத்துப் பழக்கம். அலுவலகத்துக்கு மாறிய பிறகும் விடவில்லை. போன மாதம் சாப்பிட்டுக் கை கழுவியதில் ஒரு முகவரி போயிற்று. சரக்கு ராசா என்ற ஊர் வரை போய்த் திரும்பியது. இன்னொரு தடவை நடந்தால் பழையபடி பெட்டி கட்டப் போகலாம் என்றார் மேலாளர் தேவதாஸ், குரலை உயர்த்தாமல். அதன் பிறகுதான் பக்கத்து மேசை தீபன், திரையின் மூலையில் கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மஞ்சள் படத்தை வைத்துக் கொடுத்தான். ஒரு கையில் போன் இருந்தாலும் மறு கையால் ஒரு அழுத்து. எழுத இடம் வந்துவிடும். முன்னே எழுதியதும் அங்கேயே இருக்கும்.

இப்போது அந்தப் படத்தைக் காணோம். தீபன் விடுப்பில் உலு யாமில் இருந்தான். அழைத்தாள்.

"தம்பி, நீ வெச்ச நோட் ஓடிப்போச்சு."

"எங்கயும் ஓடாதுக்கா. கிளாக் பக்கத்துல பாருங்க."

"பாத்துட்டேன். அங்க சந்தனம்தான் இருக்கு."

"என்ன சந்தனம்?"

"நேத்து ஆயுத பூசைக்கு வெச்ச பொட்டு. நடுவுல வெச்சா எழுத்த மறைக்குமேன்னு, மானிட்டர ஆப் பண்ணிட்டு ஓரமா வெச்சேன்."



"அக்கா, அத எடுத்துட்டுப் பாருங்க."

சாமிக்கு வைத்ததைத் துணியால் துடைக்க மனம் வரவில்லை. மோதிர விரலை நனைத்து வழித்து நெற்றியில் இட்டுக்கொண்டாள். அடியில் மஞ்சள் படம் அப்படியே இருந்தது. அழுத்தினாள். நேற்று எழுதியது வந்தது: பழைய கிடங்கு வேண்டாம், படகுத்துறைக்குப் பின்னால் பச்சைக் கதவு.

அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தாள்.

"படகுத்துறைக்குப் பின்னால பச்சைக் கதவுண்ணே."

"இத சொல்றதுக்கா இவ்ளோ நேரம்?" நல்லசாமி அவள் நெற்றியைப் பார்த்தார். "பூச முடிச்சிட்டுத்தான் சொல்லுவ போல."

கங்கா சிரித்தாள். லோரி கிளம்பியது. தேவதாஸ் தன் அறையில் தலையைத் தூக்கவில்லை.

மறுநாள் மழை. தீபன் வேலைக்கு வந்தான். கங்கா மானிட்டரின் முதுகில் புதுப் பொட்டு வைத்தாள். மீன் ஆலைக்காரர் போன் செய்து, சரக்கு வந்துவிட்டது, அடுத்த மாதமும் இதே அளவு வேண்டும் என்றார். மூலையை அழுத்தி எழுதிக்கொண்டாள்.