நாய்நாளில் கண் வெளுத்த பாம்பு

வெர்டெலுக்குப் பாம்பென்றால் பயம். பயம் என்று ஒரு வார்த்தையில் சொன்னால் போதாது. தோட்டத்துத் தண்ணீர்க் குழாய் சுருண்டு கிடந்தால்கூட நின்று, உற்றுப் பார்த்து, அது அசையவில்லை என்று உறுதியான பிறகுதான் தாண்டுவாள். சின்னப் பெண்ணாய் இருந்தபோது முட்டை எடுக்கக் கோழிப் பெட்டிக்குள் கையை விட்டாள். முட்டைக்குப் பதில் குளிர்ந்த, வழுவழுப்பான ஒன்று விரல்களுக்கு இடையில் நகர்ந்தது. அந்தக் குளிர்ச்சி அவள் கையை விட்டுப் போகவே இல்லை. வளர்ந்தாள், கல்யாணம் கட்டினாள், புருஷனைப் புதைத்தாள், பள்ளிக்கூட அடுப்படியில் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சமைத்துப் போட்டாள். ஞாயிறுதோறும் வெள்ளை உடை உடுத்தித் திருச்சபை வாசலில் நின்று வருகிறவர்களை உட்காரவைத்தாள். புயல் அடித்துக் கூரை பறந்தபோதும் கலங்காதவள். ஆனால் செருப்பை உதறாமல் கால் விட்டதில்லை.

அப்பேர்ப்பட்டவள் வீட்டுக்குள் பாம்பு வந்தது. தானாக வரவில்லை. அவளே கையெழுத்துப் போட்டுத் தூக்கி வந்தாள்.

எல்லாம் மகன் லமாருக்காக. பட்டாளத்துக்குப் போய்த் திரும்பியவன். கையும் காலும் முழுசாகத்தான் வந்தன. ஆள்தான் வந்து சேரவில்லை. அறைக்குள் சுவரைப் பார்த்து உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். ஒரு நாய் வளர்த்தால் தேறுவான் என்று சபையில் யாரோ சொன்னார்கள். அநாதை விலங்குகளை வைத்திருக்கும் கொட்டகைக்கு அவனை இழுத்துக்கொண்டு போனாள். நாய்கள் குரைத்த குரைப்பில் பையன் காதைப் பொத்திக்கொண்டு பின்னறைக்குள் ஓடினான். அங்கே ஒரு கண்ணாடிப் பெட்டி. வீடு மாறிப் போன யாரோ விட்டுவிட்டுப் போன சோளப்பாம்பு. பழுத்த ஆரஞ்சு நிறம், முதுகெல்லாம் கருஞ்சிவப்புத் திட்டு.

"இது சத்தமே போடாதும்மா" என்றான் லமார்.

திரும்பி வந்ததிலிருந்து அவன் வாயிலிருந்து இவ்வளவு நீளமாகப் பேச்சு வந்ததில்லை. அதற்கப்புறம் ஒரு தாய் என்ன செய்வாள்? முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டே கையெழுத்துப் போட்டாள்.

சோளப்பாம்புக்கு விஷம் இல்லை, அது சோளக் களஞ்சியத்தில் எலி தின்று பிழைப்பது என்று தென் ஜார்ஜியாவில் தெரியாதவர் யார்? தெரிந்தும் என்ன பயன்? விஷமுள்ள செம்புத்தலை விரியனும் கிட்டத்தட்ட அதே நிறம். மண்வெட்டி தூக்குகிறவன் எவனும் முதலில் பெயர் கேட்பதில்லை.

கண்ணை இமைக்காமல், வாயைத் திறக்காமல், எல்லாரையும் கணக்கெடுப்பதுபோல் பார்க்கிறதென்று லமார் அதற்கு டீக்கன் என்று பெயர் வைத்தான். பக்கத்து வீட்டு கிளியோபஸ் நிஜமாகவே சபையில் டீக்கன், போதகருக்கு அடுத்த ஊழியர். அவர் ஒரு மாதம் இவர்களோடு பேசவில்லை.

பாம்பு வந்தபிறகு பையன் கொஞ்சம் கொஞ்சமாக எழுந்து நடமாடினான். அதற்குத் தண்ணீர் வைக்க எழுந்தான், மரச்சீவல் மாற்ற எழுந்தான். கடைசியில் பட்டாளத்தார் ஆஸ்பத்திரியில் தங்கி வைத்தியம் பார்க்கவும் ஒத்துக்கொண்டான், ஒரு நிபந்தனையோடு.

"டீக்கனை நீதான் பாத்துக்கணும். அது செத்துச்சுன்னா நான் அங்க ஒரு நிமிஷம் இருக்கமாட்டேம்மா. கிளம்பிருவேன். எங்க போவேன்னு எனக்கே தெரியாது."

சொன்னபடி செய்கிறவன் என்று அவளுக்குத் தெரியும். 

ஆகவே பார்த்துக்கொண்டாள். உறைபெட்டியில் காராமணிப் பைக்கும் கோழித் தொடைக்கும் நடுவே எலிக்குஞ்சுப் பை. வாரம் ஒருமுறை ஒன்றை எடுத்து வெந்நீரில் போட்டு இளக்கி, நீளமான இடுக்கியில் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு, கர்த்தர் என் மேய்ப்பர் என்று பைபிளின் இருபத்துமூன்றாம் சங்கீதம் சொல்லிக்கொண்டே நீட்டுவாள். சடக்கென்று இடுக்கி இழுபடும்.  மூடியைக் கவ்வியால் பூட்டிவிட்டுச் சமையலறைக்கு வந்து ஒரு குவளை தேநீர் குடித்தால்தான் கால் தரையில் நிற்கும்.

நாய்நாள் பிறந்தது; கோடை உச்சத்துக்கு அந்த ஊரில் அதுதான் பெயர். ஆகஸ்டு வெக்கையில் காற்றுகூட வேர்த்துக் கொட்டியது. அந்த ஞாயிறு சபை முடிந்து வந்து, உடை மாற்றி, பாம்புக்குத் தண்ணீர் மாற்றப் போனவள் பெட்டிக்குள் பார்த்தாள். பாம்பு மங்கிப்போய்க் கிடந்தது. கண் இரண்டும் வெளுத்து, நீலம் பாரித்து, பால் ஊற்றினதுபோல் இருந்தன.

கிண்ணம் கையிலிருந்து விழுந்தது. மூடியைப் போட்டாளா, கவ்வியைப் பூட்டினாளா, எதுவும் நினைவில்லை. பக்கத்து வீட்டு வாசலில் போய்த்தான் நின்றாள்.

"ஒசெல்லா! அதுக்குக் கண்ணு போயிருச்சுடி!"

கிளியோபஸின் மனைவி ஒசெல்லா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது.

"நாய்நாள்ல குருடான பாம்பா? ஏன்டி, உனக்குப் பச்சைப் பிள்ளைக்கு மாதிரி சொல்லணுமா? நாய்நாள்ல புண்ணு ஆறாது, பாம்புக்குக் கண்ணு தெரியாது. சத்தம் கேட்ட பக்கமெல்லாம் கொத்தும். விஷமில்லாத பாம்புக்கும் அப்ப விஷம் ஏறும்."

"எங்கம்மாவும் அதைத்தான் சொல்லுவா" என்றாள் வெர்டெல்.

"சகோதரி வெர்டெல், நகருங்க" என்று கிளியோபஸ் கொட்டகையிலிருந்து மண்வெட்டியோடு வந்தார். "என் பேரை வச்ச அன்னைக்கே செஞ்சிருக்க வேண்டிய வேலை."

"கொல்லக்கூடாது அண்ணே. செத்தா என் பிள்ளை ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பிருவான்."

"கடிச்சா நீங்க கிளம்பிருவீங்களே."

மூவரும் உள்ளே போனார்கள். மூடி ஒருக்களித்துக் கிடந்தது. பெட்டி காலி.

வீடு அப்படியொரு அமைதியாகிவிட்டது. உறைபெட்டியின் உறுமல் மட்டும். வெர்டெலுக்குத் தன் வீட்டில் எங்கே கால் வைப்பதென்று தெரியவில்லை. ஒசெல்லா நாற்காலிமேல் ஏறி நின்றுவிட்டாள். கிளியோபஸ் மண்வெட்டி நுனியால் கட்டிலடி, அலமாரியடி, ஒவ்வொன்றாய்த் துழாவிக்கொண்டே போனார். வெர்டெல் அவர் பின்னாலேயே போனாள். கண்டுபிடித்துவிடுவாரோ என்று ஒரு பயம், கண்டுபிடிக்காமல் போய்விடுவாரோ என்று இன்னொரு பயம். இரண்டில் எது பெரிதென்று அவளுக்கே விளங்கவில்லை.

துணி துவைக்கும் அறையில் ஈரத் துண்டுகள் குவிந்து கிடந்தன. குவியல் மெல்ல மூச்சு விடுவதுபோல் எழும்பித் தாழ்ந்தது. ஒரு துண்டின் மடிப்பிலிருந்து தலை வெளியே வந்தது. பால்கண் எதையும் பார்க்கவில்லை. நாக்கு மட்டும் காற்றைத் தடவியது.

"அசையாதீங்க" என்று கிளியோபஸ் மண்வெட்டியை ஓங்கினார்.

யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டாள். குனிந்தாள். கையை விட்டாள். கோழிப் பெட்டிக்குள் விட்ட அதே கை, அதே குளிர்ச்சி. பாம்பு சடாரென்று திரும்பிக் கட்டைவிரல் அடியில் கடித்துத் தொங்கியது. ஒசெல்லா போட்ட கூச்சல் நெடுஞ்சாலைவரை கேட்டிருக்கும். வெர்டெல் கூச்சல் போடவில்லை. கையில் சுற்றிக்கொண்ட பாம்போடு நடைவழி முழுக்க நடந்து, அதைப் பெட்டிக்குள் இறக்கி, மூடி, கவ்வி போட்டு, அதன்மேல் சோளரொட்டி சுடும் இரும்பு வாணலியையும் தூக்கி வைத்தாள். அப்புறம்தான் கையைப் பார்த்தாள். முள் கீறினதுபோல் சின்னச் சின்னப் புள்ளிகள், அதில் துளித் துளியாய் ரத்தம்.

"சரி" என்றாள். "ஆச்சு."

ஒசெல்லா ஓடிப்போய் மண்ணெண்ணெய் கொண்டுவந்து கையில் ஊற்றினாள். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிடலாம் என்றார் கிளியோபஸ். நாய்நாள் கடிக்கு ஆஸ்பத்திரியில் என்ன மருந்திருக்கிறது என்று கேட்டாள் வெர்டெல். உள்ளே போய்க் காலையில் கழற்றிப்போட்ட வெள்ளை உடையை, அடக்கத்துக்கும் அதுதான் என்று மறுபடி உடுத்திக்கொண்டு, கூடத்து நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஒசெல்லா, நல்லாக் கேட்டுக்கோ. அடக்கம் முடிஞ்சு போடுற சாப்பாட்டுக்கு எர்மாவைக் கோழி பொரிக்க விடாத. அவ பொரிச்சா உள்ள ரத்தம் நிக்கும்."

"விடமாட்டேன்" என்று ஒசெல்லா அழுதாள்.

"பிரசங்கம் நீளமாப் போனா அண்ணன் செருமட்டும்."

"செருமுறேன் சகோதரி."

கை விண்விண்ணென்று தெறித்தது. இதோ தோளுக்கு ஏறுகிறது, இதோ நெஞ்சுக்கு வருகிறது என்று ஒவ்வொரு துடிப்பாக எண்ணிக்கொண்டிருந்தாள். நெஞ்சு அடித்த அடியில் அது விஷமா பயமா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. சாவுகூடப் பெரிதில்லை. பிள்ளை வரும்போது வீட்டில் பாம்பு இருக்கும், தாய் இருக்க மாட்டாள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

அப்போது போன் அடித்தது. ஞாயிறு பகலில் லமார் கூப்பிடுவது வழக்கம்.

"அம்மா, டீக்கன் எப்படியிருக்கு?"

"பெட்டியில இருக்கு. கண்ணு போயிருச்சு. என்னைக் கடிச்சிருச்சு. நான் வெள்ளை உடுத்தி உக்காந்திருக்கேன்."



"கண்ணு பால் மாதிரியா இருக்கு?"

"ஆமா."

"தோல் மங்கிப்போச்சா?"

"ஆமாடா."

"அம்மா, அது சட்டை உரிக்கப் போகுது. அவ்வளவுதான். அதுக்குக் கண்ணு தெரியாது, உன்னைவிட அதுதான் பயந்து கிடக்கு. விஷமும் கிடையாது ஒண்ணும் கிடையாது."

"நாய்நாள்ல உண்டு."

"கிடையாதும்மா."

"நீ பிறக்கிறதுக்கு முந்தியே நான் நாய்நாள் பாத்தவ. எனக்குச் சொல்லித்தராத."

"சரி, உண்டுன்னே வை. அதைக் கையிலயா பிடிச்ச?"

"பின்ன? டீக்கனார் மண்வெட்டியை ஓங்கிட்டார். காலால பிடிக்கவா முடியும்?"

அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் கேட்டது. அது சீராக இல்லை. அவன் அழுகிறானா என்று அவள் காதை அழுத்திக் கேட்டாள்.

"அம்மா" என்றான் கடைசியில். "இந்த வெக்கையில தோல் காய்ஞ்சு ஒட்டிக்கிட்டா அது செத்துப்போகும். ஒரு துணியை நனைச்சுப் பிழிஞ்சு சின்ன டப்பாவுல போட்டு உள்ள வைக்கணும். இப்பவே."

"உள்ளயா? மூடியைத் திறந்தா?"

"திறந்துதான்."

வெர்டெல் ஒசெல்லாவைப் பார்த்தாள். ஒசெல்லா தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். கிளியோபஸ் மண்வெட்டியில் சாய்ந்துகொண்டு தரையைப் பார்த்தார். வெர்டெல் எழுந்தாள். தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு துணியை நனைத்தாள், பிழிந்தாள், வெண்ணெய் டப்பாவில் திணித்தாள். வாணலியை இறக்கினாள். கவ்வியில் வைத்த விரல் வழுக்கி வழுக்கிப் போயிற்று.

"எந்தக் கையால வைக்கிற?" என்றான் லமார்.

"கடிச்ச கையாலதான். இன்னொண்ணு மிச்சமிருக்கட்டும்."

கவ்வி கழன்ற சத்தம் போனுக்குள் போய்ச் சேர்ந்தது.

"திறந்துட்டியாம்மா?"

"திறந்துட்டேன்" என்றாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்ததுபோல் இருந்தது. "நீ போனை வச்சிராத."

"வைக்கலம்மா. இங்கதான் இருக்கேன்."