கறுப்புப் பெயின்றுக்கு அடியில்

சிவபாதசுந்தரம் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் விபத்துக் கோரிக்கைகளைச் சரிபார்த்தே தலை நரைத்தவர். நசுங்கிய கதவைக் கண்டால், வாகனம் எதில் மோதியது என்று யோசிக்கமாட்டார். சொந்தக்காரர் எதை மறைக்கிறார் என்றுதான் யோசிப்பார். ஓய்வுபெற்று வெள்ளவத்தைத் தொடர்மாடியில் இருக்கும்போதும் அந்தப் புத்தி போகவில்லை. மீன்காரரின் தராசிலும் குழாய் திருத்த வருபவரின் பையிலும் அவருக்கு ஒரு கண்.

மகன் ஜனா மெல்பேர்ணுக்குப் போகும்போது, தான் புதிதாக எடுத்த டபள் கெப் பிக்கப் வண்டியை அவரிடம் விட்டுப்போனான். காட்டுப் பாதையில் ஓட்டுவதற்காக அதன் சஸ்பென்ஷனை உயர்த்தியிருந்தான். எல்லாம் நட்டும் போல்டும்தான், கழற்றினால் பழையபடி இறங்கிவிடும் என்று சொல்லி, கம்பனி ஸ்பிரிங்குகளைச் சாக்கில் கட்டிக் கொடுத்திருந்தான். மனைவி அன்னபாக்கியத்துக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை நடந்தபின் அந்த உயரம் பெரும் பாடாகிவிட்டது. முக்காலி வைத்து ஏறிப் பழகியவள் ஒருநாள் முக்காலி சரிந்து விழப் பார்த்தாள். அதோடு கெப்பை இறக்குவதென்று தீர்மானித்தார்.

கொட்டாஞ்சேனையில் ரொனியின் கராஜைப் பலர் நல்லதென்றார்கள். பலர் நல்லதென்றதே அவருக்கு உறுத்தியது. ஸ்பிரிங்குகளை மாற்றிவிடுவார்களோ என்று ஒவ்வொன்றிலும் ஆணியால் கீறி அடையாளம் வைத்துக்கொண்டு போனார். வேலை நடக்கும் இடத்திலேயே கதிரை போட்டு உட்கார்ந்தார். மத்தியானம் சாப்பிட மட்டும் எழுந்து போனார்.

திரும்பி வந்தபோது ரொனி வாகனத்துக்கு அடியிலிருந்து கூப்பிட்டார்.

“பின்பக்கம் பிரச்சினையில்ல ஐயா, கழட்டியாச்சு. முன்னுக்குத்தான் குறுக்குச் சட்டத்த வெட்டி வேற பிடி வெல்ட் பண்ணியிருக்காங்க. திருப்பி ஒட்டலாம், உயரமும் இறங்கும். ஆனா கம்பனியில வந்தமாதிரின்னு சொல்லேலாது.”

சிவபாதசுந்தரத்துக்குச் சுருக்கென்றது. தான் இல்லாத நேரம் பார்த்து வெட்டிவிட்டு, வேலையைப் பெருப்பிக்கிறான் என்றே நினைத்தார். வாய்விட்டும் கேட்டுவிட்டார். ரொனி டோர்ச்சை நீட்டினார்.

அவர் குனிந்து பார்த்தார். அந்த இடத்தில் மட்டும் தடிப்பாகக் கறுப்புப் பெயின்ற் அடித்திருந்தது. சட்டைப் பையிலிருந்த வீட்டுத் திறப்பால் சுரண்டினார். அடியில் வெல்டிங் தழும்பு. தழும்பு முழுவதும் துரு. எத்தனையோ பொய்க் கோரிக்கைகளைத் துருவை வைத்தே பிடித்தவர் அவர். இது ஒரு மத்தியானத்துத் துரு அல்ல. ஜனாவுக்கு முன் இந்தக் கெப்புக்கு வேறு சொந்தக்காரரும் இல்லை. வெட்டியதோடு நில்லாமல், தகப்பனின் கண்ணுக்குப் படாமல் பூசியும் வைத்திருக்கிறான்.

ரொனியிடம் மன்னிப்புக் கேட்க நா எழவில்லை. ஒட்டச் சொல்லிவிட்டு, பஸ் பிடித்து வீட்டுக்குப் போனார். நடந்ததையெல்லாம் அன்னபாக்கியத்திடம் சொன்னார். அவள் கீரை ஆய்வதை நிறுத்தவில்லை. அது அவருக்குப் பிடிபட்டது.

“உமக்குத் தெரியுமோ?”

“ஓம். ஹெந்தளையில ஒரு இடத்தில குடுத்துச் செய்தவன். உங்களுக்குச் சொல்ல வேண்டாமெண்டு கெஞ்சினவன்.”

“நீரும் சொல்லேல்லை.”

“சொல்லியிருந்தா அவன் போகுமட்டும் அவனோட கதைச்சிருக்கமாட்டியள்.”

அது உண்மைதான் என்பதால் அவருக்கு இன்னும் கோபம் வந்தது. கெப் திரும்பி வரும்வரை இருவருக்கும் இடையே தேவைக்கு மட்டும்தான் பேச்சு. மகனின் அழைப்பையும் இரண்டு தடவை எடுக்கவில்லை.

கெப் இறங்கித்தான் வந்தது. அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது அன்னபாக்கியம் கதவுப் பிடியைப் பற்றி, யாருடைய கையும் இல்லாமல் ஏறி உட்கார்ந்தாள். ரொனியின் ஒட்டு வேலையை அவர் படுத்துக் கிடந்து பார்த்திருந்தார்; குறை எதுவும் அகப்படவில்லை.

காலி வீதியில் சிவப்பு விளக்கில் நின்றபோது அவளை ஓரக்கண்ணால் பார்த்தார். இத்தனை வருடத்தில் அவர் ஒரு தரமும் சந்தேகிக்காத ஆள் அவள் ஒருத்திதான்.

“வேற என்ன தெரியும் உமக்கு?”

அன்னபாக்கியம் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

“விளக்கு மாறிட்டுது. றோட்டைப் பாருங்கோ.”