நிற்கிற ரயிலில் இடம் பிடித்தவன்

ரயிலில் துண்டு போட்டு இடம் பிடிப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஓடவே ஓடாத ரயிலில்? போன ஞாயிற்றுக்கிழமை நான் பிடித்தேன்.

மறுநாள் காலை மகளுக்குச் சென்னையில் இன்ஜினீயரிங் கவுன்சலிங். அவளுடைய ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட் ஃபைலை வீட்டில் வைக்கப் பயம். போகிற இடமெல்லாம் தூக்கிக்கொண்டு திரிந்தேன். ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் என் மைத்துனன் வீட்டு விருந்துக்கும்தான்.

சாப்பிட்டதும், "வாங்க பாவா, பழைய ஸ்டேஷனப் பாத்துட்டு வரலாம்" என்றான். மகளும் கூட வந்தாள்.

எப்போதோ குட்டி ரயில் ஓடிய கிளைப் பாதை. தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டார்கள். ஸ்டேஷனுக்குப் பெயின்ட் அடித்து, ஒரு இன்ஜினையும் ஒரு பெட்டியையும் நிறுத்தி, 'பாரம்பரியச் சின்னம்' என்று போர்டு மாட்டியிருந்தார்கள்.

இன்ஜின் மேல் ஏறிய பிள்ளைகளை இறக்க வாட்ச்மேன் விசில் ஊதினார்... தொலைந்தது!

திருத்தணியிலிருந்து தினமும் சென்னைக்கு ஆபீஸ் போகிறவன் நான். விசில் கேட்டால் மூளையைக் கேட்காமலே கால் ஓடும். கை எதையாவது ஜன்னலுக்குள் வீசும். கையில் கர்ச்சீப் இல்லை. ஃபைல் இருந்தது.

வீசிவிட்டேன்.

"பாவா! நான் பொறந்ததுலேர்ந்து இந்த வண்டி இங்கதான் நின்னுகினு கீது!"

ஜன்னல் கம்பிக்குள் ஃபைல் போயிற்று. என் கை முழங்கைக்கு மேல் போகவில்லை. கதவில் பூட்டு.

"சாவி எங்கய்யா?" — அலறினேன்.

"சார்கிட்ட கீதுங்க. நாளைக்குப் பத்து மணிக்கு வருவாரு," என்றார் வாட்ச்மேன் நிதானமாக.

பத்து மணிக்கு என் மகள் கவுன்சலிங்கில் எதைக் காட்டுவாள்? என் மூஞ்சியையா? கம்பியைப் பிடித்து உலுக்கினேன். தோள்தான் சுளுக்கியது. மைத்துனன் குச்சியை விட்டு நெம்பினான். ஃபைல் சீட்டுக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டது. பூட்டை உடைக்கக் கல்லைத் தூக்கினேன்.

"போலீஸ் புடிச்சிகினு போவும் சார்!"

"போவட்டும்யா!"

அப்போது பெட்டிக்குள்ளிருந்து ஒரு குரல். "அப்பா, கொஞ்சம் தள்ளு. வெளிச்சத்த மறைக்கிற."

மகள்! கையில் ஃபைல்!

சுற்றிக்கொண்டு ஓடினேன். அந்தப் பக்கம் சுவரே இல்லை — வருகிறவர்கள் உள்ளே பார்க்கட்டும் என்று அறுத்துவிட்டு, குறுக்கே ஒரு கயிறு மட்டும் கட்டியிருக்கிறார்கள்.

"இத மொதல்லயே சொல்றதுக்கென்ன?" — வாட்ச்மேன் மேல் பாய்ந்தேன்.

"நீங்க சாவிதானே சார் கேட்டீங்க?"

பதறுகிறவன் கண்ணுக்குப் பூட்டு மட்டும்தான் தெரிகிறது.

திருத்தணி பஸ் வந்தது. நல்ல கூட்டம். மகள் ஃபைலை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, தன் கர்ச்சீப்பை என் கையில் திணித்தாள்.

"இந்தாப்பா. இதப் போடு."