உருண்டை டாக்டரும் காலி ஜாடியும்

டொக், டொக், டொக். மருந்துப் புட்டியைப் பழைய சேணத்தின்மேல் எண்ணி நூறு தட்டுத் தட்டுகிறார் உருண்டை டாக்டர். நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால் மறுபடி முதலிலிருந்து. தட்டத் தட்டத்தான் ஹோமியோபதி மருந்துக்கு வீரியம் ஏறுமாம். குதிரைக்கும் நாய்க்கும் ஹார்மோன் கெட்டுப்போனால் இவரிடம் வருகிறார்கள். எதுவானாலும் அந்தச் சீனி உருண்டைதான்.

முடி கொட்டி ஊதிப்போன நாய் ஒன்று மேசைமேல் உட்கார்ந்திருக்கும். "கனவு வருதாப்பா? யார் மேலயாவது மனத்தாங்கலா?" என்று அதையே கேட்பார். நாய் கொட்டாவி விட்டால் நோட்டில் குறித்துக்கொள்வார். கூட வந்தவர் வாயைத் திறந்தால், "நீங்க சும்மா இருங்க, நோயாளி பேசட்டும்" என்பார்.

வண்டிக்காரம்மாவின் கிழட்டுக் குதிரைக்குக் கொளுத்தும் வெயிலிலும் கரடி மாதிரி முடி. குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கும். அந்த அம்மாளுக்குச் சோறு போடுவதே அதுதான். "இதுக்குச் சீனி ஆகவே ஆகாது. குளம்பு வெந்துபோய் நிக்க முடியாமப் படுத்துடும்" என்று மாட்டாஸ்பத்திரி டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். "நாலு உருண்டையில என்ன வந்துடப்போகுது?" என்றார் நம்முடையவர்.

ஒருநாள் அவர் கண்மூடிச் சாமி கும்பிட்ட நேரம், குதிரை ஜன்னலுக்குள் தலையை விட்டு இரண்டு கிலோ மருந்து ஜாடியை நக்கித் துடைத்துவிட்டது.

"ஐயோ டாக்டரய்யா! அம்புட்டையும் தின்னுடுச்சே! ஏதாவது ஆயிடுமா?"

ஆகாது என்றால் மருந்தில் ஒன்றுமில்லை என்றாகும். ஆகும் என்றால் குதிரை போச்சு. டாக்டர் காலி ஜாடியை எடுத்து மூடிவைத்தார்.

"எங்க மருந்து கொஞ்சமா குடுத்தாத்தாம்மா வேகம். இவ்வளவு தின்னா ஒண்ணுமே தின்னாத மாதிரி."

"அப்ப ஒண்ணுமே குடுக்காம விட்டிருந்தா செத்தே போயிருக்குமா?"

"அப்படிப் பாத்தா..." என்று இழுத்தவருக்கு முகம் வெளுத்துவிட்டது. "மருந்தை விடும்மா. அது பூரா சீனியாச்சே! ஓடு, ஆஸ்பத்திரி டாக்டரைக் கூட்டிட்டு வா!"

ஆஸ்பத்திரி டாக்டர் வந்து பார்த்தார். குளம்புகளுக்கு ஐஸ் கட்டினார். "மூணு நாள் சூடு ஏறாம இருந்தா தப்பிச்சுது" என்றார். மூன்று நாளும் உருண்டை டாக்டர் குதிரையின் காலடியிலேயே கிடந்தார். ஐஸை மாற்றுவதும், குளம்பைத் தொட்டுப் பார்ப்பதும், சாமியைக் கூப்பிடுவதுமாக. புட்டி தட்டவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் நாலு குளம்பும் குளிர்ந்தே இருந்தன. வண்டிக்காரம்மா முந்தானையில் முகம் புதைத்து அழுதாள். குதிரை குனிந்து டாக்டரின் சட்டைப்பையை ஆசையாக முகர்ந்தது. அவர் அவசரமாகப் பைக்குள் கைவிட்டு, இருந்த உருண்டை அத்தனையையும் தன் வாயிலேயே போட்டுக்கொண்டார்.