முத்திரை போன துண்டு

காலை ஆறு மணி நாற்பது. குருநகர்க் கடையில் முதலில் கண்ணில் பட்டது, தராசுத் தட்டில் கிடந்த நனைந்த மட்டைத் துண்டு.

யுத்த காலம். சில்லறை நாணயங்கள் கண்ணில் படுவதே அரிது. மீதிக்காசுக்குப் பதிலாகக் கடைக்காரர்கள் காகித மட்டையை நறுக்கி, தங்கள் முத்திரையைக் குத்திக் கொடுத்தார்கள். கொடுத்த கடையில் மட்டும் அது செல்லும். பத்திரிகை அலுவலகத்தில் செய்தி திருத்திக்கொண்டிருந்த நான் அவற்றை ஒரு கொப்பியில் சேர்த்து வந்தேன். கொக்குவில், கொழும்புத்துறைக் கடைகளின் துண்டுகள் சுலபமாகக் கிடைத்தன. குருநகர்த் துண்டுதான் தெளிவாகக் கிடைக்கவில்லை. அங்கே மீன் விற்கும் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, வள்ளத்தடியிலேயே விலை பேசுவார்கள். மடியில் முடிந்த துண்டுகள் ஊறி, ஊதா நங்கூர முத்திரை கலங்கிவிடும். முந்தைய நாள்தான் தெளிவான ஒன்று கிடைத்திருந்தது. அது என் சட்டைப் பையில் இருந்தது. கடைக்காரர் பழைய துண்டுகளைத் திரும்ப வாங்கி எரிக்கிறார் என்று கேள்விப்பட்டு, பார்க்க வந்திருந்தேன்.

தராசுக்கு முன்னால் ஒரு மீன்காரி நின்றாள். பாவாடை ஓரம் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

"உது வெறும் மட்டை. என்ரை சீல் எங்கை?" என்றார் கடைக்காரர்.

"தண்ணியிலை அழிஞ்சு போட்டுது, முதலாளி. உங்கடை நங்கூரம் ஒரு நாள் கடலுக்கை நிக்கமாட்டாதே?"

நின்றவர்கள் சிரித்தார்கள். கடைக்காரர் சிரிக்கவில்லை.

"சீல் இல்லாட்டில் எண்ணெய் இல்லை. ஊரிலை உள்ள மட்டை எல்லாம் நாளைக்கு இஞ்சை வந்து நிக்கும்."

"மகள் பிள்ளை பெத்து நாலு நாள். ராத்திரி விளக்கில்லாமல் பிள்ளையைத் தடவித் தடவிப் பாத்தனாங்கள். அரைப் போத்தல் தாருங்கோ."

மண்ணெண்ணெய் வாரம் ஒரு முறைதான் வரும். பீப்பாய் முக்கால்வாசி காலி. மாதக் கடைசி, என்னிடம் வேறு காசு இல்லை. பையிலிருந்த துண்டை எடுத்துத் தராசில் வைத்தேன்.

கடைக்காரர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஓம், இது என்ரைதான்" என்று சொல்லி, காலடியில் புகைந்துகொண்டிருந்த தகரத்துக்குள் போட்டார். எண்ணெயை அளந்து ஊற்றினார்.

அவள் போத்தலை இடுப்போடு அணைத்துக்கொண்டு, நனைந்த மட்டையை என்னிடம் நீட்டினாள்.

"இதை நீங்கள் வைச்சிருங்கோ, தம்பி. ஓசியிலை வாங்கினன் எண்டு இருக்கக்கூடாது."

என் கொப்பியில் குருநகருக்கு ஒரு பக்கம் உண்டு. அதில் இருப்பது, எந்த முத்திரையும் இல்லாத ஒரு மட்டைத் துண்டு.