நோரீன் டீகன் அழித்த வரி

நோரீன் டீகனுக்கு இப்போது முப்பத்தெட்டு வயது. நியூயார்க்கின் ஓரத்தில் இருக்கும் ஸ்டேட்டன் தீவில், படகுத்துறையிலிருந்து மேலேறும் தெருவில், ஒரு பல் மருத்துவரிடம் காப்பீட்டுப் படிவங்கள் பார்க்கிறாள். "மன்ஹாட்டன்ல பேங்க்ல இருக்க வேண்டிய பொண்ணு" என்று தெரிந்தவர்கள் இன்னமும் சொல்கிறார்கள். ஆறுதலாகச் சொல்வதாக அவர்களுக்கு நினைப்பு. கேட்டுக் கேட்டு அவளுக்கு அலுத்துவிட்டது.

2008 கோடையில், கல்லூரியின் கடைசி வருடத்துக்கு முன்னால், கம்பெனிகளை வாங்கவும் விற்கவும் ஆலோசனை சொல்லும் ஒரு வங்கிப் பிரிவில் பத்து வாரப் பயிற்சிக்குப் போனாள். அந்தப் பிரிவுக்கு அந்த வருடம் வந்தவர்கள் இரண்டே பேர்: நோரீனும் கனெக்டிகட்டிலிருந்து வந்த டிரெவர் ஹாலமும். பெயர்தான் பயிற்சி, உண்மையில் அது பெண் பார்க்கும் படலம். பத்து வாரமும் ஆளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பிடித்திருந்தால் "படிப்பை முடித்துவிட்டு எங்களிடமே வா" என்று கடைசி நாளில் ஆஃபர் கொடுப்பார்கள். வாங்கியவர்கள் ரெஸ்யூமில் அந்தப் பயிற்சிக்குக் கீழே 'முழுநேர வேலைக்கு ஆஃபர் பெற்றார்' என்று ஒரு வரி சேர்த்துக்கொள்வார்கள். அந்த வரி இல்லாவிட்டால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். கூட இருந்து பார்த்தவர்களே கழித்துவிட்ட சரக்கு என்று மனதுக்குள் முடிவுகட்டிவிடுவார்கள்.

ஆகஸ்ட் கடைசி வெள்ளிக்கிழமை ஆஃபர் நோரீனுக்கு வந்தது. டிரெவருக்கு வரவில்லை. அன்று மாலை மதுக்கடையில் அவன் சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அழுதான். நோரீன்தான் பீர் வாங்கிக் கொடுத்து முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

"உனக்கு வேற இடத்துல கிடைக்கும்டா. இவங்களுக்குக் கண்ணில்ல."

"உனக்கென்ன, நீ சொல்லுவ" என்றான் டிரெவர்.

அடுத்த மாதமே பங்குச் சந்தை தலைகுப்புற விழுந்தது. ஜனவரியில் வங்கி அந்தப் பிரிவையே இழுத்து மூடியது. ஆஃபரைத் திரும்பப் பெறுவதாகவும் மிகவும் வருந்துவதாகவும் நோரீனுக்கு ஒரு கடிதம் வந்தது. அவர்கள் எவ்வளவு வருந்தினார்களோ தெரியாது, அவள் பெயரையே தப்பும் தவறுமாக அடித்திருந்தார்கள்.

மார்ச்சில் மறுபடி வேலை தேடக் கிளம்பியபோதுதான் தலைவலி ஆரம்பித்தது. அந்த வரி ரெஸ்யூமில் இருக்கட்டுமா, போகட்டுமா? இருந்தால், "அப்புறம் ஏன் அங்கே சேரவில்லை?" என்று கேட்பார்கள், பிடுங்கிக்கொண்ட கதையைச் சொல்லியாக வேண்டும். போனால், அவளும் கழித்துவிட்ட சரக்கு என்று ஆகிவிடும். இரண்டு பக்கமும் இடி.

அவள் அப்பா பிரான்சிஸ் டீகன் படகில் கயிறு கட்டுகிறவர். சாப்பாட்டு மேசையில் அவரிடம் கேட்டாள்.

"ஆஃபர் குடுத்தாங்களா, இல்லியா?"

"குடுத்தாங்கப்பா. அப்புறம் பிடுங்கிட்டாங்க."

"அப்ப குடுத்தாங்கன்னு எழுது. பிடுங்கினது அவங்க மானக்கேடு. அதை அவங்க ரெஸ்யூம்ல எழுதிக்கட்டும்."

"அப்பா, இது உங்க யூனியன் ஆபீஸ் இல்ல. இந்த உலகமே வேற."

"வேறதான். எங்காளுங்க மூஞ்சிக்கு நேரா ஏமாத்துவாங்க" என்றார் பிரான்சிஸ், உருளைக்கிழங்கைப் பிட்டுக்கொண்டே.

அப்பாவுக்கு என்ன தெரியும் என்று சிரித்துவிட்டு, மறுநாள் டிரெவரிடம் போனாள். அவனும் வேலை தேடிக்கொண்டிருந்தான். ஒரு காபிக் கடையில் அவளுடைய ஒற்றைப் பக்க ரெஸ்யூமை விரித்து வைத்து, பேனாவை எடுத்து, முதல் வேலையாக அந்த வரியைத்தான் அடித்தான்.

"இதை எடுத்துரு."

"ஏன்டா? அது நிஜம்தானே?"

"நிஜம்தான். ஆனா இந்த வருஷம் வேலைய பறிகொடுத்தவங்க ஊருல பாதிப்பேரு. இதைப் பார்த்தா உன் வேலை ஞாபகம் வராது, அந்த வங்கியோட சாவுதான் ஞாபகம் வரும். ஒப்பாரியோட வர்றவள எவன் உள்ள விடுவான்?"

"எனக்கு ஆஃபரே வரலைன்னு நினைச்சுக்குவாங்களே?"

"எனக்கு வரல. நான் என்ன செத்தா போயிட்டேன்?"

இந்த வார்த்தையில்தான் அவள் விழுந்தாள். தன்னிடம் இருந்ததைப் பீற்றிக்கொண்டு, இல்லாதவன் முன்னால் உட்கார்ந்திருப்பதாகப் பட்டது. வீட்டுக்குப் போனதும் வரியை அழித்தாள்.

ஏப்ரலில் டிரெவருக்கு நகரின் நடுப்பகுதியில் ஒரு சின்ன ஆலோசனை நிறுவனத்தில் வேலை கிடைத்தது. நோரீனுக்கு வயிறு எரிந்தது. எரிச்சலை மென்று விழுங்கிக்கொண்டு கேக் வாங்கிக்கொண்டு போய் வாழ்த்தினாள். அவளுக்கோ முப்பது இடங்களில் விண்ணப்பித்து ஒன்றிலிருந்தும் அழைப்பில்லை.

ஜூனில் அதே நிறுவனத்தில் இன்னொரு இடம் காலியானது. டிரெவருக்குச் சொல்லாமலே விண்ணப்பித்தாள், நேர்முகத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். சந்தோஷத்தில் அவனுக்குப் போன் போட்டாள். யார் கூப்பிட்டார்கள், எந்த நாள் என்று அவன் துருவித் துருவிக் கேட்டான்.

"நல்லது" என்றான் கடைசியில். "அந்த ஆஃபர் சங்கதிய மட்டும் அங்க பேச்சுல கொண்டுவராத. கெயிலுக்குப் புலம்பல்னா ஆகாது."

கெயில் பிரெண்டிஸ் அங்கே பங்குதாரர். ஆள் எடுப்பது அவள்தான். நேர்முகத்தில் நோரீனின் ரெஸ்யூமை நிதானமாகப் படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"நம்ம டிரெவர் இருந்த பிரிவுலதானே நீங்களும் இருந்தீங்க? கெட்டிக்காரப் பிரிவு. அதை நடத்தினவரு எனக்கு ரொம்ப நாள் பழக்கம். அந்த வருஷம் ஒருத்தருக்குத்தான் ஆஃபர் குடுத்தோம்னு சொன்னாரு."

"ஆமா" என்றாள் நோரீன்.

"அது நம்ம டிரெவர். ரெஸ்யூம்லயே போட்டிருந்தாரு. அதைப் பார்த்துத்தான் கூப்பிட்டோம். நீங்க தப்பா எடுத்துக்கலைன்னா கேக்கறேன், உங்களுக்கு ஏன் குடுக்கலை?"

நோரீன் திரும்பிப் பார்த்தாள். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் டிரெவர் கணினியில் மூக்கை நுழைத்துக்கொண்டிருந்தான். அவன் நிமிரவேயில்லை.

"அந்த ஆஃபர் எனக்கு வந்தது. என்கிட்ட கடிதம் இருக்கு."

கெயில் பேனாவை மூடி வைத்தாள். "அப்ப இதுல ஏன் இல்ல?"

"எடுத்துடச் சொன்னாங்க."

"யாரு?"

"டிரெவர்."

சொல்லும்போதே அது எப்படிக் கேட்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. வங்கியைக் கேட்கலாமென்றால், முன்னாள் ஊழியரைப் பற்றி எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை வேலை பார்த்தார் என்பதற்கு மேல் இந்த ஊரில் எந்த வங்கியும் வாய் திறக்காது. வழக்கு வந்துவிடும் என்று பயம். அந்தப் பிரிவை நடத்தியவருக்கு ஒரே ஒரு போன் போட்டால் போதும். ஆனால் போட்டு, நோரீன் சொன்னது நிஜமென்று ஆகிவிட்டால், டிரெவரைப் பொறுக்கியெடுத்த கெயிலின் தலையல்லவா உருளும்? கெயில் கடிதத்தைப் பார்க்க வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை.

"கூட வேலை பார்த்தவரைப் பத்தி இப்படிப் பேசறவங்கள இங்க வச்சுக்க முடியாது, மிஸ் டீகன். வந்ததுக்கு நன்றி."

லிஃப்ட் வரை வழியனுப்ப டிரெவர் எழுந்து வந்தான். பக்கத்தில் யாருமில்லை.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"நம்பினாங்களா?"

"இல்ல."

அவன் மூச்சை விட்டான். எத்தனை நிம்மதி அந்த மூச்சில்! பிறகு சமாதானம் செய்கிறவனைப் போலக் குரலைத் தாழ்த்தினான். "நோரீன், அந்த வரி எப்படியும் உனக்கு உதவியிருக்காது. நீ வச்சிருந்தா, ஏன் பிடுங்கினாங்கன்னு உன்னைத்தான் குடைஞ்சிருப்பாங்க."

"உன்னைக் குடையலையா?"

"பிரிவை மூடிட்டாங்கன்னேன். ஐயோ பாவம்னாங்க."

லிஃப்ட் வந்தது. அவன் கதவைப் பிடித்துக்கொண்டு, "பார்த்துப் போ" என்றான்.