பறவை விழ வேண்டிய இடத்தில் முட்டை

அந்தப் பட்டறையில் வெல்டிங் செய்வது கணவர். ஜன்னல் கிரில்லுக்கும் வாசல் கேட்டுக்கும் டிசைன் வரைவது அவள். சுற்றுவட்டாரத்தில் பாதி வீடுகளின் ஜன்னல்களில் வளைந்து நெளிவது அவள் போட்ட கொடிகள்தான். அதனால் எல்லோருக்கும் அவள் கிரில்லக்கா. வாடிக்கையாளர்கள் கேட்பதெல்லாம் திருடன் கை நுழையக்கூடாது, பூனை நுழையக்கூடாது என்பதுதான். அந்த இடுக்கில் தன் கலையை எப்படி நுழைப்பது என்று யோசித்து யோசித்தே அவளுக்கு ஐம்பது வயதாகிவிட்டது.

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு பூங்கா கட்டினார்கள். அதில் ஒளியையும் நிழலையும் வைத்து ஒரு கலைப்படைப்பு வேண்டும், யார் வேண்டுமானாலும் வரைந்து அனுப்பலாம் என்று அறிவிப்பு வந்தது. அவள் அனுப்பினாள். தேர்வானாள். வந்தவை மொத்தம் மூன்று படங்கள், அதில் ஒன்று தண்ணீர்த் தொட்டிக்கான படம் தவறி வந்தது என்பதை, "போட்டியில ஜெயிச்சேன்" என்று சொல்லும்போது அவள் சேர்த்துக்கொள்வதில்லை.

திட்டம் எளிதுதான். உயரமான இரும்புத் தூண்கள், மேலே மெல்லிய தகடுகள், தகடு முழுக்கக் கட்டைவிரல் அளவில் வெட்டிய பறவைகள். வெயில் அவற்றின் வழியே இறங்கினால், தகட்டின் நிழலுக்குள் வெளிச்சப் பறவைகள் கூட்டமாக விழும்; பொழுது நகர நகர அவையும் தரையில் நகரும். அட்டையில் மாதிரி செய்து, சாப்பாட்டு மேசையில் வைத்து, செல்போன் டார்ச்சை அடித்துப் பார்த்தாள். ஒவ்வொரு பறவையும் மூக்கும் முழியுமாக விழுந்தது.

தட்டைத் தூக்கிக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்த கணவர் கேட்டார்: "கொஞ்சம் பெருசா வெட்டினா என்ன? தகடு வெட்டறவங்களுக்கும் லேசு."

"ஏங்க, பெருசா வெட்டினா அதுக்குப் பேரு வென்டிலேட்டர். இது கலை."

அந்த நாட்களில் அவள் 'நிழல்' என்ற சொல்லைச் சொல்வதற்கு முன் ஒரு சின்ன இடைவெளி விடப் பழகியிருந்தாள். அப்போது கண்ணையும் லேசாகச் சுருக்கிக்கொள்வாள். தூசி விழுந்துவிட்டதோ என்று கணவர் இரண்டு முறை ஊதிவிட வந்தார்.

தகடுகளை ஏற்றிய வாரம் முழுக்க மழை மேகம். திறப்பு விழாவன்றுதான் வெயில் பளிச்சென்று அடித்தது. பூங்கா அதிகாரி மைக்கை அவள் கையில் கொடுத்தார். அவள் தொண்டையைச் செருமினாள், இடைவெளி விட்டாள், கண்ணைச் சுருக்கினாள். கூட்டம் மொத்தமும் குனிந்து தரையைப் பார்த்தது.

தரையில் பறவை இல்லை. மங்கலான வெளிச்ச வட்டங்கள் நூற்றுக்கணக்கில் கிடந்தன.

முன்வரிசையில் நின்ற நாத்தனார் கேட்டாள்: "பறவை எங்க அண்ணி?"

"வரும், வரும்," என்றாள் அவள். வாய் சும்மா இருந்திருக்கலாம். "இப்பதான் முட்டை போட்டிருக்கு."

பூங்காவே சிரித்தது. மைக் நன்றாக வேலை செய்தது, அன்றைக்கு ஒழுங்காக வேலை செய்தது அது ஒன்றுதான். மறுநாளிலிருந்து அவள் முட்டையக்கா. பிறர் வைத்த பெயர் என்றால் கோபப்படலாம். தானே வைத்துக்கொண்ட பெயருக்கு யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

ஆனாலும் அவளால் விட முடியவில்லை. ஒரு நண்பகலில் அட்டை மாதிரியைத் தூக்கிக்கொண்டு பூங்காவுக்குப் போனாள். தரையை ஒட்டிப் பிடித்தாள்: பறவை. இடுப்பளவு தூக்கினாள்: பறவையின் அலகு கரைந்தது. நாற்காலிமேல் ஏறித் தலைக்கு மேல் பிடித்தாள்: வட்டம். நெடுநேரம் அப்படி ஏறி இறங்கியபின் புரிந்தது. டார்ச்சு ஒரு பொட்டு வெளிச்சம். சூரியன் அப்படியில்லை, வட்டத் தட்டு. உயரத்தில் இருக்கும் சின்னத் துளை எந்த வடிவமாக இருந்தாலும், அதன் வழியே தரையில் விழுவது சூரியனின் படம்.

"நான் பறவையை வெட்டினேன். சூரியன் தன்னோட போட்டோவ ஒட்டிட்டுப் போகுதுங்க," என்றாள் வீட்டுக்கு வந்து.

"விளம்பரத்துல உன்னையே மிஞ்சிடுச்சே," என்றார் கணவர்.

சில மாதம் பொறுத்துப் பார்த்த அதிகாரி, தகடுகளைக் கழற்றிவிட்டுச் சாதாரணக் கூரை போட்டுவிடலாம் என்றார். அளவெடுக்க அவளும் கணவரும் போனது ஒரு காலை வேளை. அன்று சூரிய கிரகணம். காவலாளி விசிலை ஊதி, "யாரும் மேல பாக்காதீங்க, கண்ணு போயிடும்!" என்று கத்திக்கொண்டிருந்தார். மேலே பார்க்க முடியாத கூட்டம் கீழே பார்த்தது.

வட்டங்களின் ஓரம் கடிபட்டிருந்தது.

சூரியனின் படம் என்று கண்டுபிடித்தவளுக்கு, சூரியன் தேய்ந்தால் படமும் தேயும் என்று தோன்றவே இல்லை. எல்லோரையும் போல அவளும் வாயைப் பிளந்து நின்றாள். கொஞ்சம் கொஞ்சமாக அத்தனை வட்டங்களும் பிறைகளாயின. தரை, பெஞ்சு, காவலாளியின் தொப்பி, மனிதர்களின் முதுகு, எங்கும் வெளிச்சப் பிறைகள். ஒரு பெண் தன் துப்பட்டாவை விரித்து அதில் பிறைகளை ஏந்தினாள். இடுப்பிலிருந்த அவள் குழந்தை ஒன்றைப் பிடித்து வாயில் போடப் பார்த்தது. கிரில்லக்காவும் தன் புடவைத் தலைப்பை விரித்துப் பிடித்தாள். அது தன் கைவேலை இல்லை என்பது தெரிந்தும் பிடித்தாள்.

அதிகாரி ஓடிவந்தார். பின்னாலேயே ஒரு நிருபர். "மேடம்! இதைத்தான் பிளான் பண்ணியிருந்தீங்களா? முன்னாடியே சொல்லியிருக்கக்கூடாதா?"

தலையாட்டினால் போதும். அவள் இடைவெளி விட்டாள், பழக்கதோஷம். கணவர் சிரிப்பை அடக்க முடியாமல் தூணின் போல்ட்டை ஆராயத் தொடங்கினார்.

"இல்லைங்க," என்றாள். "பறவை வரணும்னுதான் வெட்டினேன். வரல. கிரகணம்னு எனக்குக் காலைலதான் தெரியும்."

"எவ்வளவு தன்னடக்கம்!" என்று நிருபர் எழுதிக்கொண்டார். அப்படியே அச்சிலும் வந்தது. உண்மையைச் சொல்லி இவ்வளவு பெரிய பொய்யைக் கிளப்பியது தன் வாழ்நாளில் இதுவே முதல் தடவை என்று அவள் கணவரிடம் சொன்னாள்.

கூரைப் பேச்சு அதோடு நின்றது. பக்கத்து ஊர் அதிகாரி ஒருவர் போனில் கூப்பிட்டார். "எங்க பூங்காவுக்கும் ஒண்ணு பண்ணிக் குடுங்க மேடம். திறப்பு விழா அன்னிக்கு அந்தப் பிறை விழற மாதிரி பாத்துக்குங்க."

"அதுக்கு ரொம்ப மேலிடத்துல பேசணுமே சார்," என்றாள் அவள்.

இந்த முறை தகடுகளை முழங்கால் உயரத்தில் நிறுத்தினாள். பறவைகள் அலகும் சிறகுமாகத் தெளிவாக விழுந்தன. சுற்றிச் சுற்றிப் பார்த்த நாத்தனார், "நல்லாத்தான் இருக்கு அண்ணி," என்று இழுத்தாள். "ஆனா அந்தப் பிறை மாதிரி வராது."

"வராதுதான். இது நான் போட்ட டிசைன் ஆச்சே," என்றாள் கிரில்லக்கா.